வெயில் தின்னாத சிவப்பு

எங்கள் ஆச்சியிடம் துணிக்கறைக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. "மஞ்சக்கறையா, வெயில்ல போடு. செம்மண் கறையா, விட்ரு. அது துணியோடதான் போகும்."

கல்யாண வீட்டில் சாம்பார் சிந்திய வேட்டிக்குச் சோப்புப் போட்டால் கறை ஒரு நிமிடம் குங்குமமாகிப் பயமுறுத்தும். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்கிற வேலையும் இதுதான். அலசி, ஈரத்தோடு மொட்டை மாடிக் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் கறை பாதியாகும். இரண்டு நாளில் இருந்த இடம் தெரியாது. தேரிக்காட்டில் உருண்டு புரண்டுவிட்டு வரும் டிரவுசரின் கதை வேறு. எத்தனை சித்திரை வெயில் பட்டாலும் அந்தச் சிவப்பு அசையாது. கடைசியில் அது கரித்துணியாகி அடுப்படிக்குப் போனபோதும் முழங்கால் பக்கம் சிவப்பாகத்தான் இருந்தது.

சூரியன் ஒன்றுதான், வேட்டியும் டிரவுசரும் பருத்திதான். ஒரு நிறத்தை வெயில் தின்றுவிடுகிறது, இன்னொன்றைத் தொடக்கூட முடியவில்லை. காரணம் தேடிப் போனால் இரண்டு ஓவியர்களிடம் கொண்டுபோய் விடுகிறது. ஒருவர் நியூயார்க்கில் பெரும்புகழோடு வாழ்ந்தவர். மற்றவர் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், குதிரை மேல் அமர்ந்து மாட்டு மந்தை ஓட்டிப் பாதி ஆயுளைக் கழித்தவர். நான் சொல்ல வந்தது இரண்டாமவரைப் பற்றி. ஆனால் முதலாமவர் இல்லாமல் அவர் கதை விளங்காது.

*

1990. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள தேசிய ஓவியக்கூடத்துக்கு நான் சொன்ன மந்தையோட்டி ரோவர் தாமஸ் வருகிறார். வயது அறுபதுக்கு மேல். அந்த ஆண்டு வெனிஸ் நகரத்துக் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பாக ட்ரெவர் நிக்கல்ஸ் என்பவரோடு அவர் படங்களும் இடம்பெற்றன. பழங்குடி ஓவியர்கள் அந்த நாட்டின் பிரதிநிதிகளாக அங்கே போனது அதுவே முதல் முறை. ஓவியக்கூடத்தில் அந்த நியூயார்க் ஓவியர் மார்க் ரோத்கோ 1957-ல் வரைந்த ஒரு பெரிய படம் தொங்குகிறது. உருவம் எதுவும் கிடையாது, அடர்ந்த நிறத்தில் அகலமான பட்டைகள் மட்டும். ரோவர் தாமஸ் அதன் முன்னால் நின்றுவிட்டார். என்னை மாதிரியே வரைகிறானே, யார் இந்த ஆள் என்று கேட்டாராம்.

ரோத்கோ 1970-லேயே இறந்துவிட்டார். ரோவர் தாமஸ் தூரிகை எடுத்ததோ 1980-களின் தொடக்கத்தில். யார் யாரைப் போல என்று நாள்கணக்குப் பார்த்தால் கேள்வி தலைகீழ். ஆனாலும் நான் அந்தக் கேள்வியின் பக்கம்தான். தன் மண்ணை வரைகிற மனிதருக்குத் தான் வரைவதுதான் அளவுகோல். வேறு எவனும் 'தன்னைப் போல' வரைகிறவன்தான்.

பார்வைக்கு இருவரும் ஒன்று போலத்தான். பெரிய, அமைதியான, ஒற்றை நிறப் பரப்புகள். நிறம் வந்த வழிதான் வேறு.

*

அந்த வேறுபாட்டை வெயில் காட்டிக்கொடுத்தது. இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகம்.

1960-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு புதிய கட்டடத்தின் பத்தாம் மாடிச் சாப்பாட்டு அறைக்காக ரோத்கோ பெரிய ஓவியங்கள் வரைந்தார். ஐந்து படங்கள் 1964-ல் சுவரேறின. ஆழ்ந்த சிவப்பு, முற்றிய கத்தரிக்காயின் ஊதா. அறையில் பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல்கள். திரையை மூடியே வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் பத்தாம் மாடியில் சாப்பிட வருகிறவர்கள் ஆற்றையும் ஊரையும் பார்க்காமல் சுவரையா பார்ப்பார்கள்? திரை விலகியது, வெயில் வந்தது. பதினைந்து ஆண்டுகளில் சிவப்பு வெளிறி, சில படங்கள் இளநீலமாகவே மாறிவிட்டன. 1979-ல் எல்லாவற்றையும் கழற்றி இருட்டறையில் வைத்தார்கள்.

ஆராய்ந்தபோது குற்றவாளி அகப்பட்டது: லித்தால் சிவப்பு என்கிற செயற்கை நிறமி. அச்சு மைகளில் அதிகம் புழங்கிய, மலிவான, பளிச்சென்ற சிவப்பு. ரோத்கோ அதோடு அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்துதான் அந்த ஊதாவைக் கொண்டுவந்திருந்தார். அல்ட்ராமரின் கனிம வகை, வெயிலுக்கு அசையாது. சிவப்பு செத்தது, நீலம் எஞ்சியது. 2014-ல் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது ஹார்வர்டுக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். படத்தைத் தொடவில்லை. புள்ளி புள்ளியாக எவ்வளவு சிவப்பு போயிருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த அளவு நிற ஒளியைப் புரொஜெக்டரால் படத்தின்மேல் பாய்ச்சினார்கள். பழைய படம் திரும்பி வந்தது. ஒவ்வொரு நாளும் மாலையில் விளக்கை அணைத்தார்கள். உள்ளே இருந்த வெளிறிய படம் தெரிந்தது. அந்த நேரத்துக்காகவே கூட்டம் காத்திருக்கும் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் காத்திருப்பேன்.

லித்தால் சிவப்பும் நம் மஞ்சளும் வேதியியலில் பங்காளிகள். இரண்டும் கரிம மூலக்கூறுகள். கரி அணுக்கள் ஒன்றோடொன்று ஒற்றை, இரட்டைப் பிணைப்புகளாக மாறி மாறிக் கோத்திருக்க, அந்தக் கோவை நெடுக எலக்ட்ரான்கள் தறிகெட்டு ஓடித் திரிகின்றன. அந்த ஓட்டம்தான் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி நமக்கு நிறத்தைக் காட்டுகிறது. ஆனால் ஒளியை விழுங்குவது என்றால் ஆற்றலை விழுங்குவது. விழுங்கிய ஆற்றலோடு துள்ளிக்கொண்டிருக்கும் மூலக்கூறிடம் காற்றின் ஆக்சிஜன் வந்து மோதினால் எங்கேயோ ஒரு பிணைப்பு அறுகிறது. நீளமான சரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் போதும், எலக்ட்ரான் ஓட்டம் துண்டுபடும், நிறம் போய்விடும். பொருள் அங்கேயேதான் இருக்கிறது, நிறமில்லாத துண்டுகளாக. ஆச்சி வெயிலில் போடச் சொன்ன வேட்டியில் நடந்தது அதுதான். அங்கே அதற்குப் பெயர் சலவை, ஹார்வர்டில் அதற்குப் பெயர் பேரிழப்பு.

*

ரோவர் தாமஸ் பிறந்தது சுமார் 1926-ல், பெரும் மணற்பாலைவனத்தில், மாட்டு மந்தைகளை ஓட்டிச்செல்வதற்காக வெட்டிய கானிங் வழித்தடத்தின் 33-ஆம் கிணற்றருகே. பத்து வயதுவாக்கில் தாயை இழந்து வடக்கே கிம்பர்லிக்கு வந்தார். பிறகு பல பண்ணைகளில் மந்தையோட்டி. ஒருமுறை குதிரையின் குளம்பு பட்டுத் தலைத்தோல் கிழிந்து தொங்கியபோது, முகாமில் சமையல் வேலை பார்த்த குவீனி மெக்கென்சி ஊசி நூல் எடுத்துத் தைத்து உயிரைக் காப்பாற்றினார். பின்னாளில் அந்தக் குவீனியும் பெயர் பெற்ற ஓவியரானார். அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

1960-களின் கடைசியில், பழங்குடி மந்தையோட்டிகளுக்கும் வெள்ளையருக்குக் கொடுக்கும் கூலியையே கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது. நல்ல தீர்ப்புதான். பண்ணை முதலாளிகள் அதற்குச் சொன்ன பதில், ஆட்களைக் குடும்பம் குடும்பமாக வெளியேற்றியது. அப்படி விரட்டப்பட்டவர்கள் சேர்ந்த இடங்களில் ஒன்று டர்க்கி ஓடை என்கிற வார்முன்.

1974 கிறிஸ்துமஸ் விடியும் வேளையில் ட்ரேசி புயல் டார்வின் நகரைத் தரைமட்டமாக்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், ரோவர் தாமஸுக்குத் தாய் முறையான ஒரு பெண் வார்முன் அருகே கார் விபத்தில் அடிபட்டு, மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் வழியில் இறந்தார். அவருடைய ஆவி தன் நிலத்தின் மேலாக ஊர் ஊராகத் திரும்பி வந்து, வழியில் கண்டதையெல்லாம் ரோவர் தாமஸின் கனவில் சொன்னது. டார்வினை அழித்தது பழங்குடிக் கதைகளில் வரும் வானவில் பாம்பு என்றும் சொன்னது. அந்தக் கனவு பாட்டாகவும் ஆட்டமாகவும் ஆயிற்று. கிரில் கிரில் என்று பெயர். ஆடுகிறவர்கள் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பலகை வரைந்து தோளில் தாங்கி ஆடுவார்கள். முதலில் பலகை வரைந்தவர் மாமன் முறையான பேடி ஜாமின்ஜி. சில ஆண்டுகள் கழித்து ரோவர் தாமஸும் வரையத் தொடங்கினார்.

அவர் படங்களில் நிலம் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தெரியும். பழுப்பாக ஒரு மலை, கருப்பாக ஒரு வழி, ஓரம் முழுக்க வெள்ளைப் புள்ளி வரிசை. அவ்வளவுதான். ட்ரேசி புயல் கருப்பாகப் பெருகி வரும். வெள்ளையர்கள் நடத்திய படுகொலைகளையும் இதே அமைதியோடு வரைந்தார். பிணம் இருக்காது, ரத்தம் இருக்காது, இடம் மட்டும் இருக்கும். பார்க்கிறவருக்கு இடத்தின் கதை தெரிந்திருந்தால் அதற்கு மேல் வேண்டியதில்லை.

அந்த இடங்களை வரைய எடுத்த வண்ணம் அந்த நிலத்தின் மண்.

*

நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் காவிக்கட்டி கேளுங்கள், நாமக்கட்டி கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் கிழக்குக் கிம்பர்லி ஓவியரின் சரக்கில் பாதி வந்துவிட்டது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி, வெள்ளைக்கு வெண்களிமண், கருப்புக்குப் பெரும்பாலும் கரி. ஆனால் அவர்கள் கடைக்குப் போவதில்லை. எந்த ஓடைச் சரிவில் எந்த மஞ்சள், எந்தக் குன்றடியில் எந்தச் சிவப்பு என்பது அவர்களுக்கு மனப்பாடம். அங்கே யார் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்பதற்கும் முறை உண்டு. கட்டியைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் அரைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, மரப்பிசின் சேர்த்தால் வண்ணம் தயார். துணியைத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து வரைவார்கள்.

குவீனி மெக்கென்சிக்கு இளஞ்சிவப்பு என்றால் உயிர். வெள்ளையையும் சிவப்பையும் கலந்து ரோஜா நிறமும் இளஊதாவும் வரவழைத்தார். மலைகளை அந்த நிறத்தில் வரைந்து வரிசையாக அடுக்குவார். காவி என்றால் இரண்டே நிறம் என்று நினைப்பவர்கள் அவர் படம் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

காவியின் நிறம் முழுவதும் இரும்பு. களிமண், மணல் எல்லாம் கூட இருந்தாலும் நிறம் கொடுப்பது இரும்புதான்; நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மண் சிவந்துவிடும். மஞ்சள் காவியில் இருப்பது கோத்தைட்: இரும்பு, ஆக்சிஜன், அதோடு கொஞ்சம் ஹைட்ரஜன். ஜெர்மானியக் கவிஞர் கதேயின் பெயரை 1806-ல் இந்தக் கனிமத்துக்கு வைத்தார்கள். அவர் கனிமப் பைத்தியம். நிறங்களைப் பற்றியும் பெரிய புத்தகம் எழுதியவர். அதில் நியூட்டனோடு அவர் போட்ட சண்டையில் நியூட்டன்தான் சரி, இருந்தாலும் மஞ்சள் மண்ணுக்கு அவர் பெயர் பொருத்தம்தான். சிவப்புக் காவியில் இருப்பது ஹெமடைட்: வெறும் இரும்பும் ஆக்சிஜனும். கிரேக்கத்தில் ரத்தம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

இரண்டிலும் இரும்பு அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில்தான் இருக்கிறது. பிறகு ஏன் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு? அந்த நிலையில் இரும்பின் வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள், ஐந்து இருக்கைகளில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒளி வந்து ஒன்றைத் தூக்கி இன்னொரு இருக்கைக்கு மாற்ற வேண்டுமானால் குவாண்டம் விதி குறுக்கே நிற்கிறது. தனியாக இருக்கும் இரும்பு அணுவுக்கு அந்தத் தாவல் அநேகமாகத் தடை. அதனால்தான் இரும்பு அணுக்கள் எட்ட எட்ட இருக்கும் இரும்புப் படிகாரம் நிறமே இல்லாதது போல மங்கிய ஊதாவாகத் தெரிகிறது. அருகருகே இரண்டு இரும்பு அணுக்கள் இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து தாவினால் தடை தளர்கிறது. ஹெமடைட்டில் இரும்பு அணுக்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. கூட்டுத் தாவல் பலமாக நடக்கிறது, ஊதாவோடு நீலம், பச்சை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. கோத்தைட்டில் இடையிடையே ஹைட்ரஜன் நுழைந்து இரும்பைச் சற்று விலக்கி வைத்திருக்கிறது. அது ஊதாவையும் நீலத்தையும் விழுங்குவதோடு நிறுத்திக்கொள்கிறது. பச்சையும் சிவப்பும் சேர்ந்து திரும்பி வந்தால் நம் கண்ணுக்கு மஞ்சள்.

அந்த ஹைட்ரஜனைத் துரத்திவிட்டால்? அதைத்தான் செங்கல் சூளை செய்கிறது. மஞ்சளும் பழுப்புமாக உள்ளே போகும் கல் சிவந்து வெளியே வருகிறது. கோத்தைட்டைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கினால் அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகப் பறந்துவிடும், எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும், மிஞ்சுவது ஹெமடைட். ஓடைக்கரையில் எடுத்த மஞ்சள் மண்ணை நான் பழைய இரும்புச் சட்டியில் வறுத்துப் பார்த்திருக்கிறேன். கடுகு வெடிக்கிற சூடு போதாது. அடுப்பை முழுக்கத் திறந்துவிட்டுப் பொறுமையாகக் கிளற வேண்டும். முதலில் ஓரம் பழுத்தது, பிறகு நடுவும் செங்கல் நிறத்துக்கு வந்தது. சட்டி மட்டும் மறுபடி சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை.

சூட்டைப் போலவே அரைப்பும் நிறத்தை மாற்றும். ஹெமடைட்டின் பெரிய படிகம் எஃகு போலக் கருத்து மின்னும், சிவப்பே தெரியாது. கொரகொரப்பாக அரைத்தால் நாவற்பழ ஊதா. இன்னும் அரைத்தால் ரத்தச் சிவப்பு. மைய அரைத்தால் ஆரஞ்சின் பக்கம் சாயும். ஒரே கட்டியிலிருந்து எத்தனை சிவப்பு எடுக்கலாம் என்பது அரைக்கிற கையின் பொறுமையைப் பொறுத்தது. தண்ணீரில் கலக்கி, கனத்த மணலை அடியில் தங்கவிட்டு, மேலே மிதக்கும் மெல்லிய கலங்கலை மட்டும் இறுத்தெடுக்கும் வித்தையும் உண்டு. குயவரைக் கேட்டால் செய்து காட்டுவார்.

இப்போது வெயிலுக்கு வருவோம். ஹெமடைட்டும் ஒளியை விழுங்குகிறது, லித்தால் சிவப்பை விடக் குறைவில்லாமல். ஆனால் அங்கே அறுபடுவதற்கு ஒற்றைச் சரம் இல்லை. நாலாபக்கமும் பின்னிய படிகம். தாவிய எலக்ட்ரான் கண்ணிமைப்பதைவிடப் பல கோடி மடங்கு விரைவில் பழைய இடத்துக்கு விழுந்து, ஆற்றலை வெப்பமாகக் கைவிட்டுவிடுகிறது. காற்றின் ஆக்சிஜன் வந்தாலும் செய்ய வேலை இல்லை. இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனை வயிறு முட்டத் தின்றாயிற்று. துருப்பிடிப்பது என்பது இரும்பு தன் ஆற்றலையெல்லாம் இறக்கி வைத்து ஓய்ந்து உட்காரும் பயணம். காவி அந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம். துருவுக்கு மேலும் துருப்பிடிக்காது. வெயிலும் மழையும் ஒரு பாறைக்குச் செய்ய முடிந்ததையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து முடித்த பிறகு மிஞ்சியதைத்தான் ஓவியர் கையில் எடுக்கிறார். அதற்கப்புறம் ஒரு சாப்பாட்டு அறையின் சன்னல் அதை என்ன செய்துவிடும்?

*

எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டால், மனிதர்கள் சோதித்துப் பார்த்தாயிற்று. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் காவி குழைத்த சிப்பிகள் கிடைத்திருக்கின்றன, வயது 1,00,000 ஆண்டு. வட ஆஸ்திரேலியாவின் மஜெட்பெபெ பாறைக் குடிலில் அரைத்துத் தேய்ந்த காவித் துண்டுகளின் வயதை 65,000 ஆண்டு வரை சொல்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் வில்கி மியா என்று ஒரு காவிச் சுரங்கமே இருக்கிறது. கல் சுத்தியலும் மர ஆப்பும் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தோண்டியது. அங்கே விழுந்து இறந்த ஒரு கங்காருவின் ரத்தம்தான் சிவப்புக் காவி, ஈரல்தான் மஞ்சள் காவி என்பது அந்த மக்களின் கதை. ஹெமடைட்டுக்கு ரத்தத்தின் பெயர் வைத்த கிரேக்கர் காதில் இந்தக் கதை விழுந்திருக்க வழியே இல்லை.

கிம்பர்லிப் பாறைகளிலும் பழைய ஓவியங்கள் ஏராளம். அவற்றின் வயதைக் கணிப்பதுதான் தலைவலி. வயது சொல்லும் கார்பன், காவியில் கிடையாது. இரும்பு எப்போது பூசப்பட்டது என்று இரும்பே சொல்லாது. வழி காட்டியவை குளவிகள். பாறைக் குடில்களில் குளவி மண்கூடு கட்டும். அந்தச் சேற்றில் காட்டுத்தீயின் கரித்துணுக்கு கலந்திருக்கும், கரியில் கார்பன் இருக்கும். ஒரு குடிலின் சரிந்த கூரையில் சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு கங்காரு, நாவற்பழ நிறக் காவியில். ஓவியத்துக்கு அடியில் மூன்று கூடு, ஓவியத்தின் மேல் மூன்று கூடு. அடியில் உள்ளவற்றைவிட ஓவியம் இளையது, மேலே உள்ளவற்றைவிட மூத்தது. 2021-ல் வெளியான கணக்குப்படி கங்காருவின் வயது 17,500-க்கும் 17,100-க்கும் இடையே. குளவி அப்பிய சேறு, மனிதர் அப்பிய சேற்றுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

*

நிறம் சாகாது, சரி. ஆனால் ஓவியம் சாகும். இது காவியைப் புகழ்கிறவர்கள் சொல்ல மறந்துபோகிற பாதி.

தூளைத் துணியோடு பிடித்து வைத்திருப்பது பிசின். பிசின் என்பது கரிமப் பொருள், மஞ்சளின் கட்சி. மரப்பிசின் சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி. மழைக்காலத்தில் ஈரம் குடித்து இளகும், வறண்டால் சுருங்கி விரிசல் விடும். கிம்பர்லியின் ஈரமான மாரியில் பிறந்த படம் குளிரூட்டிய நகரத்துக் கூடத்துக்குப் போனால் அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. வடக்கே ஆர்னெம் நிலத்தில் மரப்பட்டையில் வரைகிறவர்கள் ஆர்க்கிட் செடியின் சாற்றைப் பசையாக்கினார்கள். பட்டை வளைந்தால் வண்ணம் செதில் செதிலாக உதிரும். பின்னால் இங்கெல்லாம் செயற்கைப் பசை வந்தது. நம் ஊர்த் தச்சர் கையில் இருக்கும் வெள்ளைப் பசையின் இனம்தான். தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அதிகம் இளகாத பசை கிடைத்தால் எந்தக் காலத்து ஓவியரும் எடுத்திருப்பார்.

பசையின் அளவில்தான் கைத்திறன். குறைந்தால் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தது போலத் தூள் கையோடு வந்துவிடும். கூடினால் வேறொரு சங்கடம்: மண் தன் மண் தன்மையை இழந்து பிளாஸ்டிக் போல மினுங்கும், நிறமும் கறுக்கும். மழை பெய்தால் செம்மண் ஏன் கறுக்கிறது என்று யோசித்தால் இது விளங்கும். உலர்ந்த மண்ணில் துகளும் காற்றும் மாறி மாறி இருப்பதால் ஒளி ஒவ்வொரு விளிம்பிலும் சிதறி வெளியே திரும்புகிறது. காற்றிருந்த இடத்தில் தண்ணீரோ பசையோ நிறைந்தால் சிதறல் குறைந்து ஒளி உள்ளே ஆழமாகப் போய் விழுங்கப்படுகிறது. வெண்களிமண்ணில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒளியை வளைக்கும் திறனில் அதுவும் பசையும் கிட்டத்தட்ட ஒன்று. விபூதியைக் குழைத்துப் பூசும்போது நெற்றியில் ஒன்றுமே தெரியாது. காய்ந்த பிறகுதான் பட்டை பளிச்சென்று எழும். ரோவர் தாமஸின் கருப்பு வழிகளின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளைப் புள்ளிகளும் வைத்தபோது மங்கலாகத்தான் இருந்திருக்கும். காய்ந்தால் எவ்வளவு வெளுக்கும் என்று முன்கூட்டியே அறிந்த கைதான் அவற்றை வைத்தது. அவர் படங்களின் பரப்பு மினுங்காது. கிட்டே போனால் மண்ணின் கரகரப்பு தெரியும். ரோத்கோவைப் போல என்று சொல்கிறவர்கள் அச்சிட்ட படத்தை மட்டும் பார்த்தவர்கள் என்பது என் எண்ணம்.

ரோவர் தாமஸும் குவீனி மெக்கென்சியும் ஒரே ஆண்டில், 1998-ல், இறந்தார்கள். மேலிருந்து பெருமழை இறங்கி வருவதை ரோவர் தாமஸ் 1991-ல் வரைந்த படத்தை 2001-ல் தேசிய ஓவியக்கூடம் ஏலத்தில் 7,78,750 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. பழங்குடி ஓவியம் எதற்கும் அதுவரை அவ்வளவு விலை போனதில்லை. பழுப்பு மலையின் விளிம்பில் தேங்கி, பிறகு வழிந்து கொட்டும் வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவும் களிமண்.

அதே மாதிரி ஒரு மழை 2011 மார்ச்சில் வார்முன் மேல் நிஜமாகவே இறங்கியது. டர்க்கி ஓடை கரை உடைத்து ஊருக்குள் புகுந்தது, மக்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள், கலைக்கூடத்துக்குள் வெள்ளம் பாய்ந்து படங்களை அடித்துச் சென்றது. ஊர்ச் சொத்தாக வைத்திருந்த பழைய சேகரிப்பும் நனைந்தது. அதில் இருந்தவற்றில் பல, விற்பனைக்காக வரைந்தவை அல்ல. ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தங்கள் நிலத்தையும் கதையையும் சொல்லிக்கொடுப்பதற்காகப் பெரியவர்கள் செய்து கொடுத்தவை. நனைந்த பலகைகளில் பூஞ்சை பிடிப்பதற்குள் அவற்றை விமானத்தில் ஏற்றி, கண்டத்தின் மறுகோடியில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சாதாரண எண்ணெய் ஓவியத்தில் சேறு படிந்தால் துடைப்பவருக்குக் குழப்பம் இல்லை. வண்ணம் வேறு, சேறு வேறு. இங்கே படத்தில் இருப்பதும் அந்த நிலத்தின் இரும்பும் களிமண்ணும், படத்தின் மேல் படிந்ததும் அதே. சேற்றைக் கரைக்கிற தண்ணீர் பழைய பிசினையும் கரைக்கும். நுண்ணோக்கியில் வைத்தாலும் ஹெமடைட் ஹெமடைட்தான். அதில் கைரேகை இல்லை. எது வெள்ளம் வைத்த பழுப்பு, எது பாட்டனார் வைத்த பழுப்பு என்று சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பலகையின் பாட்டைத் தெரிந்தவர்கள். வார்முனிலிருந்து பெரியவர்கள் மெல்போர்ன் போய்ப் படங்களோடு உட்கார்ந்தார்கள். 2013-ல் சேகரிப்பு ஊர் திரும்பியது.